பிரேக் போல்ட்டில் மஞ்சள் பொட்டு

— இது நான் வச்ச பொட்டு இல்லடா.

— மஞ்சப் பொட்டுல உன் பொட்டு என் பொட்டுன்னு பேரா எழுதியிருக்கு? நல்லாப் பாருக்கா.

— நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்றேன். காலையில பானெட்டத் திறந்ததுல இருந்து இதையேதான் பாத்துக்கிட்டு இருக்கேன், கண்ணு பூத்துப் போச்சு. அந்தத் தையல் மிஷின நிறுத்திட்டு இங்க வா.

— சீட்டுக்குக் கடைசித் தையல் ஓடிக்கிட்டு இருக்கு. நடுவுல நிறுத்தினா நூல் கோணிக்கும். அங்க இருந்தே சொல்லு, காது இங்கதான் இருக்கு.

— காது வேணாம், கை வேணும். வாடா குண்டூசி.

— வந்துட்டேன், வந்துட்டேன். தலை நரைச்ச அப்புறமும் என்னைக் குண்டூசின்னு கூப்பிடுற ஒரே ஆளு நீதான். இந்த வண்டியக் குடுத்த பல் டாக்டர் முன்னாடி கூப்பிட்டுடாத, அவர்கிட்ட எனக்குக் கொஞ்சம் மரியாதை மிச்சம் இருக்கு. சொல்லு, எங்க?

— டார்ச்சப் பிடி. இன்ஜினுக்குப் பின்னாடி சுவர் மாதிரி ஒரு தகடு நிக்குதே, அதுல பிரேக் சிலிண்டர் தெரியுதா?

— தெரியுது. தலையில குட்டி டப்பாவ வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.

— அதப் பிடிச்சிருக்கிற ரெண்டு போல்ட்டு. ரெண்டுக்கும் பொட்டு இருக்கா?

— லட்சணமா இருக்கு.

— பொட்டு வச்சா என்னடா அர்த்தம்?

— இதென்ன எனக்கே பரீட்சையா? நீ போல்ட்ட இறுக்கிட்டே, மறுபடியும் ஒரு தடவ ஸ்பேனர் போட்டு சரி பாத்துட்டே, வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டே.

— இப்ப அந்த இடது பக்க போல்ட்ட விரலால திருகு. ஸ்பேனர் வேணாம். சும்மா விரலால.

— அக்கா.

— என்ன?

— திரும்புதுக்கா.

— வலது?

— அதுவும்தான்.

— ஸ்டியரிங் கம்பி கீழ இறங்குற இடத்துல ஒரு கிளாம்ப்பு இருக்கு பாரு. அந்த போல்ட்டையும் தொட்டுப் பாரு. பொட்டு இருக்கும், இறுக்கம் இருக்காது.

— ஆமா. எல்லாமே இப்படித்தான் இருக்கா?

— இல்ல. ரேடியேட்டர் சரியா இருக்கு. கார்புரேட்டர் ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு. இந்த மூணுதான். ஆனா எந்த மூணு பாத்தியா? இந்த மூணும் சரியா இருந்தா மத்தது எது லூசா இருந்தாலும் ஆளு உயிரோட வீட்டுக்கு வந்துடலாம். இந்த மூணு மட்டும்தான் லூசு.

— நேத்து இன்ஜின ஓட விட்டுப் பாத்தோமே. அந்த அதிர்வுல கழண்டிருக்கும். இதுக்குப் போயி பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறே.

— அந்தக் கதையெல்லாம் எனக்கு நானே காலையில இருந்து சொல்லிப் பாத்துட்டேன். இந்தா, போல்ட்டக் கழட்டிட்டேன். வாஷருக்கு அடியில தகட்டப் பாரு. என்ன தெரியுது?

— பெயிண்ட்டு தெரியுது. வெளிர் நீலம். அழகா இருக்கு.

— கீறல் இருக்கா?

— இல்ல.

— ஒரு தடவ இறுக்கியிருந்தா வாஷர் புதுப் பெயிண்ட்டக் கடிச்சு வட்டமா ஒரு தழும்பு போட்டிருக்கும். தழும்பே இல்ல. அதிர்வுல கழண்ட போல்ட்டு இல்லடா இது. இறுக்கவே இறுக்காத போல்ட்டு. கையால சொருகி, மேல பொட்டு மட்டும் வச்சிருக்கு.

— எலி கிலி ஏதாவது பெயிண்ட்டுல வால நனைச்சுக்கிட்டு ஓடியிருக்குமோ.

— எலி சரியா போல்ட்டு தலையில, நடுவுல, சிந்தாம பொட்டு வைக்குமா? டேய், நான் சிரிக்கிற நிலைமையில இல்ல.

— சரி, சிரிக்கல. எனக்கே ஒண்ணும் புரியல. கதவப் பூட்டித்தான போறோம்?

— சாவி உன்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. மூணாவது சாவி கிடையாது. நீ வச்சியா?

— நானா? எனக்கும் பானெட்டுக்கும் என்ன சம்பந்தம்? சீட்டு, தரை விரிப்பு, கூரைத் துணி, இதத் தவிர இந்த வண்டியில நான் எதையும் தொட்டதில்ல. தொட்டா நீ கையை ஒடிச்சுடுவே.

— அப்ப நான்தான் வச்சிருக்கேன்.

— இப்பதான் நீ வைக்கலன்னு சொன்னே.

— நான் வச்சதா ஞாபகம் இல்ல. அதத்தான் அப்படிச் சொன்னேன்.

— ஐயோ, எனக்குத் தலை சுத்துது. நீ முதல்ல இந்த டயர் மேல உக்காரு. தண்ணி குடி.

— உக்காந்துட்டேன். தண்ணி வேணாம். நான் சொல்றதக் கேளு. டாக்டர வரச் சொல்லியிருக்கேன்.

— வண்டிய நாளைக்குத்தான எடுத்துக்கிட்டுப் போறாரு?

— நாளைக்கு வண்டி கிடையாதுன்னு சொல்லத்தான் இன்னைக்கு வரச் சொன்னேன். அப்படியே ஷெட்ட மூடுறேன்னும் சொல்லிடப் போறேன்.

— எந்த ஷெட்ட?

— நமக்கு என்ன ஊரெல்லாம் ஷெட்டா இருக்கு? இதத்தான்.

— மூணு போல்ட்டு விட்டுப் போனதுக்கு ஷெட்ட மூடுவாங்களா? நான் சீட்டுக்குள்ள கத்திரிக்கோல வச்சுத் தைச்சு அனுப்பியிருக்கேன். அந்த வக்கீலம்மா வந்து என்னை உண்டு இல்லைன்னு ஆக்கினாங்க. நான் தையல விட்டுட்டேனா?

— விட்டுப் போனா பரவாயில்லடா. இறுக்காம விட்டு, பொட்டும் வைக்காம விட்டிருந்தா அது மறதி. மறுநாள் பொட்டு இல்லாத போல்ட்டப் பாத்து இறுக்கிடுவேன். எல்லாருக்கும் நடக்குறதுதான். இங்க பொட்டு வச்சிருக்கேனே. செய்யாத வேலையச் செஞ்சேன்னு என் கையே எனக்குப் பொய் சொல்லியிருக்கு. என் கைய நானே நம்ப முடியலைன்னா, டாக்டர் எப்படி நம்புவாரு? அவரு பேத்தியப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு அந்தப் பழைய கார் போட்டிக்கு மலைப்பாதையில போகப் போறாரு.

— அப்படி ஒண்ணும் நடக்கல இல்ல? நீதான கண்டுபிடிச்சே. அதுக்கு உன்னைத்தான் மெச்சிக்கணும்.

— கண்டுபிடிச்சது நான் இல்ல. வாஷர் பாக்ஸ் கைதவறி உள்ள விழுந்துச்சு, அத எடுக்கக் கைய விட்டேன். விழாம இருந்திருந்தா?

— அக்கா, இந்த வண்டி நம்மகிட்ட வந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு நினைச்சுப் பாரு. பானெட்டத் திறந்ததும் நான் மூக்கப் பொத்திக்கிட்டு ஓடினேன். பேட்டரி வச்ச தட்டு துருப்பிடிச்சுக் கையோட வந்துச்சு. வயரெல்லாம் ஒட்டு மேல ஒட்டு. ஒருத்தன் கறுப்பு அடிச்சிருக்கான், ஒருத்தன் சிவப்பு அடிச்சிருக்கான், அதுக்கு மேல ஒரு புண்ணியவான் வெள்ளி பெயிண்ட்டு. இதோட சொந்த நிறம் எதுன்னு ஒரு ஆளுக்கும் தெரியல. ஹீட்டர் பெட்டியக் கழட்டி, அதுக்குப் பின்னாடி உள்ளங்கை அகலத்துக்கு வெளிர் நீலம் இருக்குன்னு கண்டுபிடிச்சு, இதுதான் பிறந்தப்ப இருந்த நிறம்னு சொன்னது யாரு?

— நான்தான்.

— டாக்டர் எல்லாத்தையும் பல்லு மாதிரி பளபளன்னு ஆக்கச் சொன்னாரு. கார்புரேட்டருக்கு பாலீஷ் போடாதீங்க, அந்தக் காலத்துல மங்கலாத்தான் இருந்துச்சு, போட்டியில மார்க்கு போயிடும்னு அவரையே அடக்கி உக்கார வச்சது யாரு? துணி சுத்தின வயர ஒவ்வொண்ணா உருவி, பழைய மாதிரியே கட்டினது யாரு? ஹோஸ் கிளிப்போட திருகெல்லாம் ஒரே பக்கம் பாத்து நிக்கணும்னு எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி போட்டது யாரு? இதெல்லாம் செஞ்ச ஆளுக்கு மூளை கலங்கிப் போச்சுன்னு சொன்னா கேக்குறவன் சிரிப்பான்.

— உன்கிட்ட சொல்லாததும் இருக்குடா.

— என்ன?

— அரை இஞ்சு ஸ்பேனரக் கையில வச்சுக்கிட்டே அரை இஞ்சு ஸ்பேனரத் தேடினேன்.

— அது நான் தினமும் பண்றது. அளவு டேப்பு கழுத்துல தொங்கும், நான் மேஜைக்கு அடியில தேடுவேன்.

— அடுப்புல பால வச்சுட்டு இங்க வந்துட்டேன். உன் பொண்டாட்டிதான் போய் அணைச்சா. உன்கிட்ட சொன்னாளா?

— இல்ல.

— நல்ல பொண்ணு. நான்தான் சொல்லாதேன்னு சொன்னேன்.

— பால் பொங்காத வீடு எங்கக்கா இருக்கு?

— போன வாரம் கடைக்குப் போயிட்டுத் திரும்பி வர்றேன். நம்ம தெரு முனையில நிக்கிறேன். வீட்டுக்கு இடது பக்கம் திரும்பணுமா, வலது பக்கம் திரும்பணுமான்னு தெரியல. தெரியலன்னா, துளிகூடத் தெரியல. யாரோ சிலேட்ட அழிச்ச மாதிரி இருந்துச்சு. ஒரு பொண்ணு வந்து, யாரைத் தேடுறீங்க ஆன்ட்டின்னு கேட்டா. பஸ்ஸுக்கு நிக்கிறேம்மான்னு சொன்னேன். நம்ம தெருவுல பஸ்ஸே வராது.

— அப்புறம்?

— அப்புறம் நம்ம ஷெட்டுல இருந்து உன் மிஷின் சத்தம் கேட்டுச்சு. அந்தச் சத்தம் வந்த பக்கம் நடந்தேன்.

— என்கிட்ட சொல்லியிருக்கலாமே.

— என்னன்னு சொல்றது? தெரு மறந்தா பரவாயில்லன்னு இருந்தேன். தெரு மறந்தா யாரையாவது கேட்டுக்கலாம். இங்க வந்து ஸ்பேனரப் பிடிச்சா கைக்கு எல்லாம் தெரியும், அது போதும்னு இருந்தேன். இன்னைக்குக் கையும் போயிடுச்சு. எனக்குப் பயமா இருக்குடா. வேற என்ன சொல்றதுன்னு தெரியல. ரொம்பப் பயமா இருக்கு.

— அக்கா, அழாத.

— அழல. உன் மிஷினுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல் போடு. நூல் வெட்டித் தர்றேன், பழைய தையலப் பிரிச்சுத் தர்றேன். அதுல தப்புப் பண்ணா யாரும் சாக மாட்டாங்க.

— நீயா? நூல் வெட்டவா?

— ஏன், என்னைச் சேத்துக்க மாட்டியா?

— அக்கா. ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?

— உன்னை அடிச்சு ரொம்ப நாளாச்சு. சொல்லு.

— ஸ்பேனரக் கீழ வை. வச்சுட்டேன்னு சொல்லு.

— வச்சுட்டேன். என்னடா?

— அந்தப் பொட்டு. வச்சது நான்தான்.

— என்னது?

— நான்தாங்கா வச்சேன். மூணையும்.

— இப்பதான் பானெட்டத் தொட்டதே இல்லன்னு சொன்னே. தொட்டா நான் கைய ஒடிச்சுடுவேன்னு சொன்னே.

— ஒடிச்சுடுவேங்கிற பயத்துலதான் சொன்னேன். நீ காலையில இருந்து அந்த முகத்தோட நிக்கிறே, நான் எப்படிச் சொல்றது? கொஞ்ச நேரத்துல விட்டுடுவேன்னு பாத்தேன். நீ என்னடான்னா ஷெட்ட மூடுற அளவுக்குப் போயிட்டே.

— நீ எதுக்குடா பொட்டு வச்சே?

— போட்டிக்கு.

— என்ன போட்டி?

— டாக்டர் போகப்போற போட்டிக்குத்தான். அவர் ஒரு போட்டோ குடுத்தாரே, வண்டி புதுசா இருந்தப்ப பானெட்டுக்குள்ள எடுத்தது. அதோ செவுத்துல நீ ஒட்டி வச்சிருக்கியே. அதுல அங்கங்க போல்ட்டு மேல ஒரு புள்ளி இருக்கு. அந்தக் காலத்துல ஃபேக்டரியில சரிபாக்குறவன் வச்சதுன்னு நீதான் சொன்னே. நம்ம வண்டியில அந்தப் புள்ளி இல்லையேன்னு பாத்தேன். டார்ச்சும் கண்ணாடியும் வச்சுக்கிட்டு வர்ற நடுவருங்க அதுக்கு மார்க்கக் குறைச்சிட்டா? நீ வேலை முடிச்சிட்டே, பொட்டு வைக்க மறந்துட்டேன்னு நினைச்சேன். நீ ஹோஸ் வாங்கப் போயிருந்த நேரமாப் பாத்து, நானே வச்சுட்டேன். அழகுக்கு.

— அழகுக்கு.

— ஆமா.

— எதால வச்சே?

— பிரஷ்ஷாலதான்.

— பிரஷ்ஷுன்னா இழுத்த மாதிரி கோடு தெரியும். இது உருண்டையா இருக்கு. நான் தீக்குச்சி முனையில தொட்டு வைக்கிற மாதிரியே இருக்கு.

— தீக்குச்சியாலதான். முதல்ல பிரஷ்ஷ எடுத்தேன், அது காஞ்சு கட்டையாக் கிடந்துச்சு. அப்புறம் தீக்குச்சி. உன்னைப் பாத்துப் பாத்துத்தான கத்துக்கிட்டேன்.

— இரு. அந்த போட்டோவ எடுத்துக்கிட்டு வா.

— எதுக்கு?

— எடுத்துக்கிட்டு வாடான்னா. ம். இதுல எங்க புள்ளி இருக்கு?

— இந்தா. இங்க ஒண்ணு. இந்த ஓரத்துல ஒண்ணு.

— இது கறுப்பு வெள்ளை போட்டோ.

— ஆமா.

— கறுப்பு வெள்ளை போட்டோவுல உனக்கு மஞ்ச எப்படிடா தெரிஞ்சுச்சு?

— அது வெள்ளையாத் தெரிஞ்சுச்சு. ஃபேக்டரிக்காரன் என்ன வெள்ளையாவா வைப்பான்? மஞ்சளாத்தான் இருக்கும்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன்.

— இது புள்ளியே இல்ல. போல்ட்டு மேல வெளிச்சம் பட்டிருக்கு.

— எனக்கு எப்படித் தெரியும்? நான் குஷன்காரன்.

— அறிவு கெட்டவனே. மடையா. உன்னையெல்லாம் ஷெட்டுக்குள்ள விட்டதே என் தப்பு. பொட்டுங்கிறது அழகுக்காடா? அது வாக்குடா. இறுக்கிட்டேன், பாத்துட்டேன், என்னை நம்பி நீ போகலாம்னு வாக்குக் குடுக்குறது. அதப் போய் நெத்தியில வைக்கிற மாதிரி வச்சிருக்கியே.

— தப்புதான்.

— ஒரு மனுஷன், ஒரு சின்னக் குழந்தை, மலைப்பாதையில. பிரேக்க மிதிக்கும்போது சிலிண்டரே ஆடியிருக்கும்.

— தப்புதாங்கா. இன்னும் திட்டு.

— காலையில இருந்து என் உயிரு எங்கிட்ட இல்லடா. நான் பைத்தியமாயிட்டேன்னு நினைச்சேன். ஸ்டூல் போடுன்னு உன்கிட்ட பிச்சை கேட்டேனே, அப்பக்கூடக் கல்லு மாதிரி நின்னியே.

— அப்பதான சொன்னேன்.

— வாய மூடு.

— மூடிட்டேன். நீ அழுறியா, சிரிக்கிறியா?

— கண்ணுல தின்னர் பட்டுடுச்சு.

— தின்னர் டப்பா மூடியிருக்கு.

— வாய மூடுன்னு சொன்னேன். ஐயோ, குண்டூசி. கறுப்பு வெள்ளை போட்டோவுல மஞ்சளக் கண்டுபிடிச்சிருக்கியே. இத டாக்டர்கிட்ட சொன்னா அவருக்கு வாயே மூடாது.

— சொல்லு, சொல்லு. நீ சிரிச்சாப் போதும்.

— அந்தத் தெரு முனையில நின்னது, அது என்னவா இருக்கும்?

— வெயில்ல நடந்து வந்தே. ராத்திரி சரியாத் தூங்கல. ஒரு நாள் ஏதாவது ஒரு டாக்டர்கிட்ட போய்க் காட்டிட்டு வந்துடலாம், சத்து மாத்திரை ஏதாவது குடுப்பாங்க. நானும் கூட வர்றேன், எனக்கும் முதுகு வலிக்குது.

— பாக்கலாம். முதல்ல உனக்குத் தண்டனை. வேற எந்த வண்டியிலயாவது இந்த அழகு வேலை பாத்திருக்கியா? உண்மையச் சொல்லு. வக்கீலம்மா வண்டி?

— எதுலன்னு எனக்கே சரியா ஞாபகம் இல்லக்கா. அதையும் ஒரு தடவ கூப்பிட்டு, எல்லா போல்ட்டையும் பாத்துடலாம். அதுக்கு முன்னாடி போன வண்டியையும்.

— கண்டிப்பாப் பாக்கணும். இன்னைக்கே போன் பண்ணி, வண்டிய வெளிய எடுக்காதீங்கன்னு சொல்லு. ஃப்ரீயா சர்வீஸ்னு சொல்லிக் கூப்பிடு, காரணம் கேட்டா என் தம்பி ஒரு முட்டாள்னு சொல்லு.

— சொல்றேன்.

— இனிமே இந்த ஷெட்டுல நான் எந்த போல்ட்ட இறுக்கினாலும் நீ பக்கத்துல நிக்கணும். நான் இறுக்கின உடனே நீ ஒரு தடவ ஸ்பேனர் போட்டுப் பாக்கணும். அதுக்கப்புறம்தான் பொட்டு. அப்பதான் ஒரு பொட்டுக்குப் பின்னாடி எவ்வளவு வேலை இருக்குன்னு உன் மண்டையில ஏறும்.

— ஒவ்வொரு போல்ட்டுக்குமா?

— ஒவ்வொண்ணுக்கும்.

— என் தையல் வேலை?

— அது பாட்டுக்குக் கிடக்கட்டும்.

— சரிக்கா.

— என்ன, உடனே சரிங்குறே? பேரம் பேசுவேன்னு நினைச்சேன்.

— தப்புப் பண்ணவன் என்ன பேரம் பேசுறது. பொட்டு வைக்கிற டப்பாவையும் நானே வச்சுக்கிறேன். நீ சொன்னாத்தான் திறப்பேன்.

— வச்சுக்கோ. வாசல்ல கார் சத்தம் கேக்குது. டாக்டர்தான். என் மூஞ்சி எப்படி இருக்கு?

— மூக்கு மேல கிரீஸ் இருக்கு. எப்பவும் இருக்குறதுதான்.

— வாங்க டாக்டர், வாங்க. பாத்து வாங்க, கீழ ஜாக்கி கிடக்கு.

— என்னம்மா, போன்ல குரலே சரியில்லையே உங்களுக்கு. ஒரு பேஷன்ட்டப் பாதியில விட்டுட்டு ஓடி வர்றேன், அவர் வாயத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்காரு. அதாவது, வண்டிக்கு ஏதாவது ஆகிப்போச்சா?

— ஆச்சு டாக்டர். ஆனா நான் பயந்த மாதிரி இல்ல. நாளைக்கு வண்டி தர முடியாது. பிரேக்குலயும் ஸ்டியரிங்குலயும் மூணு போல்ட்டு இறுக்காமலே இருந்துச்சு, மேல மட்டும் முடிஞ்சதுன்னு மஞ்சப் பொட்டு இருந்துச்சு. எனக்குத்தான் புத்தி மழுங்கிப் போச்சுன்னு நினைச்சு ஷெட்டையே மூட இருந்தேன். கடைசியில பாத்தா இந்த மகராசன் பண்ண வேலை. நீங்க குடுத்த கறுப்பு வெள்ளை போட்டோவப் பாத்து, போட்டிக்கு அழகா இருக்கட்டும்னு இவனே பொட்டு வச்சிருக்கான்.

— தம்பியா? என்ன தம்பி இது?

— நீங்களே கேளுங்க டாக்டர். நல்லா நாலு வார்த்தை கேளுங்க. நான் போய் டீ போட்டுக்கிட்டு வர்றேன்.

— அக்கா, நீ எதுக்கு? வீட்டுல அவ இருக்கால்ல, அவளையே போடச் சொல்லு. நீ பக்கத்துல உக்காந்து கதையச் சொல்லி, அவகிட்டயும் எனக்குத் திட்டு வாங்கிக் குடு.

— அதுவும் சரிதான். அவளுக்கு இது முதல்ல தெரியணும். உக்காருங்க டாக்டர், வந்துடுறேன்.

— ரொம்ப சந்தோஷமாப் போறாங்களே உங்க அக்கா.

— ஆமா டாக்டர்.

— பாருங்க தம்பி. சிரிப்பு வர்ற விஷயம் இல்ல இது. நான் ஒரு பல்லப் பிடுங்காமலேயே, பிடுங்கிட்டேன்னு பஞ்ச வச்சு அனுப்பினா நீங்க சும்மா இருப்பீங்களா? அதுலயாவது பல்லு வலியோட போயிடும். வண்டியில என் பேத்தி உக்காந்திருப்பா.

— தப்புதான் டாக்டர்.

— தப்புன்னு ஒரு வார்த்தையில முடிச்சிட்டா எப்படி? அந்த அம்மா எவ்வளவு பயந்திருப்பாங்க. அவங்க கையில இருக்குற சுத்தத்தப் பாத்துத்தான் நான் இவ்வளவு தூரம் தேடி வந்தேன். அந்தக் கைய அவங்களே சந்தேகப்படுற மாதிரி பண்ணிட்டீங்களே.

— ஆமா டாக்டர்.

— சரி, சரி. போட்டி போனாப் போகட்டும், அடுத்த தடவ பாத்துக்கலாம். வண்டி இங்கயே இருக்கட்டும். ஆனா ஒரு நிபந்தனை. இனிமே பானெட்டுக்குள்ள நீங்க கையே வைக்கக் கூடாது. அதாவது, பக்கத்துலகூட வரக் கூடாது. உங்க அக்கா மட்டும்தான் தொடணும்.

— அது முடியாது டாக்டர்.

— முடியாதா? செய்யறதையும் செஞ்சுட்டு, முடியாதுன்னு வேற சொல்றீங்களா?

— நான் பக்கத்துல இருந்தே ஆகணும் டாக்டர். அவ இறுக்குற ஒவ்வொரு போல்ட்டையும் நான் பாத்தே ஆகணும். உங்க மச்சான் நரம்பு டாக்டர்னு ஒரு நாள் சொன்னீங்களே, அவர்கிட்ட ஒரு ஆளக் கூட்டிக்கிட்டு வரணும். முதுகு வலிக்குன்னு சொல்லித்தான் கூட்டிக்கிட்டு வருவேன். அவரும் முதுகு வலின்னே சொல்லிக்கிட்டு சோதிச்சுப் பாக்கணும்.

— பேச்ச மாத்தாதீங்க தம்பி. முதல்ல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. போல்ட்ட ஒரு தடவ தொட்டுக்கூடப் பாக்காம அந்தப் பொட்ட வைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?

— மெதுவாப் பேசுங்க டாக்டர், வீட்டுச் சன்னல் திறந்திருக்கு. அந்த மஞ்ச டப்பாவ நான் இந்த நிமிஷம் வரைக்கும் திறந்ததே இல்ல.